ரத்தத்தைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள்!

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் தன் மகனை அழைத்துக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தார். பையனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன். யாராவது பக்கத்தில் பேசினால் தலையை மட்டும் திருப்பாமல், கதவைத் திறப்பதுபோல மொத்த உடம்பையும் திருப்பினான்.

"டாக்டரய்யா, தலகாணி மாத்திப் படுத்திருக்கான். கழுத்துல வாயு பிடிச்சிருச்சு. ஒரு தைலத்தைப் போட்டு, லேசா சுளுக்கு எடுத்து விட்டிருங்க" என்றார் அம்மா.

இந்த 'லேசா' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் நடுக்கம். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் தனியாகக் கேட்டேன். முதலில் தலையணை கதையையே சொன்னான். பிறகு மெதுவாக உண்மை வந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் இவன். கீழே பழைய மெத்தையில் ஒரு நண்பன் படுத்திருக்கிறான். இன்னொருவன் கையில் செல்போன். இவன் மேலிருந்து குதித்திருக்கிறான். நண்பன் கடைசி நொடியில் பயந்து நகர்ந்துவிட்டான்!

நான் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னேன். சித்த மருத்துவர் எக்ஸ்ரேவுக்கு அனுப்புகிறாரே என்று அம்மாவுக்கு ஆச்சரியம். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எங்கள் வர்ம ஆசான்களே பிடரியில் கை வைக்கும் முன் நாலு தடவை யோசிப்பார்கள். எலும்பு நகர்ந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கழுத்தைத் திருகுகிறவர் வைத்தியர் அல்ல. நல்லவேளை, எலும்பில் பழுதில்லை. தசைப்பிடிப்புதான்.

அதன் பிறகு பையனுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை வந்தது. செல்போனைத் திறந்து, எதைப் பார்த்துவிட்டுக் குதித்தானோ அதைக் காட்டினான். இரண்டு வெள்ளைக்காரர்கள். நம் வீட்டு ட்யூப் லைட்டுகளைக் கட்டாகக் கட்டி, ஒருவன் மற்றவன் முதுகில் ஓங்கி அடிக்கிறான். 'டப்' என்று சத்தம். புகைபோல வெள்ளைத் தூசி. முதுகெல்லாம் ரத்தம். சுற்றி இருநூறு முந்நூறு பேர், பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கை தட்டுகிறார்கள்.

"இது என்னப்பா, டபிள்யூ.டபிள்யூ.இ.யா?" என்றேன்.

"அது சின்னப் பசங்க பார்க்கிறது சார். இது இண்டி. ஹார்ட்கோர். இதுதான் ஒரிஜினல்!"

அன்று இரவு உட்கார்ந்து நானும் பார்த்தேன். அடுத்த வாரமும் பார்த்தேன். உங்களிடம் மறைப்பானேன், சிலவற்றை ரசித்தும் பார்த்தேன். மருத்துவன் கண்ணோடு பார்த்ததில் எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் டூப்பா?

கேபிள் டிவி வந்த புதிதில் நாங்கள் கல்லூரி விடுதியில் மல்யுத்தம் பார்த்தவர்கள்தான். உங்கள் வீட்டில் யாராவது டிரம்ப் கார்டு சேர்த்திருப்பார்கள். அப்போது எல்லா வீட்டிலும் ஒரு அப்பா இருப்பார். செய்தித்தாளை இறக்காமலே, "எல்லாம் டூப்புடா, போய்ப் படி" என்பார். இன்றும் அதையேதான் நாம் நம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பாதி உண்மை. யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்னமே பேசி வைத்தது. ஆனால் விழுவது நிஜம். நாற்காலி இரும்பு. முள்கம்பி முள்கம்பிதான். பையனிடம் 'டூப்பு' என்று சொன்னால் அவன் என்ன புரிந்துகொள்கிறான்? 'அப்படியானால் வலிக்காது, நானும் செய்யலாம்' என்று!

இந்த 'டூப்பு' என்ற வார்த்தைக்கு அமெரிக்காவில் ஒரு விலை இருந்தது. 1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், அப்போதைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தார், இது போட்டியே அல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று அரசாங்கத்திடம் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? விளையாட்டு என்றால் அரசு விளையாட்டு ஆணையம் வரும். உரிமம், வரி, மேடை ஏறும் முன் மருத்துவப் பரிசோதனை எல்லாம் வரும். நிகழ்ச்சி என்றால் அந்தத் தொல்லை இல்லை. இன்றைக்கும் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. குத்துச்சண்டைக்காரருக்கு ரத்தப் பரிசோதனை கேட்கும் பல இடங்களில், நெற்றியைக் கிழித்துக்கொண்டு ரத்தம் சிந்தப்போகும் மல்லரிடம் கேட்பதில்லை.

பெரிய நிறுவனத்திடம் பணம் இருக்கிறது, பின்னாளில் சொந்தமாக மருத்துவர்களை வைத்துக்கொண்டது. வாரக் கடைசியில் பள்ளிக்கூட ஜிம்மிலும் சமுதாயக் கூடத்திலும் மேட்ச் நடத்தும் சின்னக் கம்பெனிகள்? அவற்றைத்தான் 'இண்டி' என்கிறார்கள். அங்கே மல்லர் மாதச் சம்பளக்காரர் அல்ல. ஒரு இரவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர். அடிமட்டத்தில் இருப்பவருக்கு அது சில பத்து டாலர்கள்தான், பெட்ரோலுக்கே சரியாகப் போகும். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவு அவர் பாடு.

இந்தச் சின்னக் கம்பெனியிடம் டிவி இல்லை. பட்டாசு, லேசர் விளக்கு இல்லை. முகம் தெரிந்த நட்சத்திரம் இல்லை. டிக்கெட் விற்க என்னதான் இருக்கிறது? மல்லனின் தோல் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. பெரிய கம்பெனி விளம்பரத்துக்குச் செலவழிக்கும் பணத்தை, இங்கே ஒருவன் தன் உடம்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறான். இண்டியில் ஹார்ட்கோர் மேட்ச் செய்கிற வேலை இதுதான்.

நாற்காலியும் முள்கம்பியும்

இது எங்கே ஆரம்பித்தது என்று தேடிப்போனால் ஒரு தின்பண்டக் கடையில் போய் நிற்கிறோம்! 1979இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டுபெலோ என்ற ஊர். மேட்ச் முடிந்தும் நால்வரும் அடித்துக்கொண்டே அரங்கத்தின் தின்பண்டக் கடைக்குள் புகுந்து, கடுகுச் சாந்து ஜாடி முதற்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வீசினார்கள். ஜெர்ரி லாலரும் அவர்களில் ஒருவர். ஊர் முழுக்க அதே பேச்சு. கூட்டம் கூடியது. 1981இல் அதே ஊரில் அதேபோல் ஒரு கடைச் சண்டை. அதில் இருந்தவர் அட்சுஷி ஓனிட்டா என்ற ஜப்பான் இளைஞர்.

இந்த ஓனிட்டா கதை சினிமாபோல இருக்கும். முழங்கால் சிதைந்து 1985இல் ஓய்வு பெற்றார். உயரப் பறந்து விளையாடியவருக்கு இனிப் பறக்க முடியாது. 1989இல் கையில் 50,000 யென்னை வைத்துக்கொண்டு எஃப்.எம்.டபிள்யூ. என்ற கம்பெனியைத் தொடங்கினார் என்பார்கள். முழங்கால் போனவர் என்ன செய்வார்? டுபெலோவில் கற்றதை நினைத்துக்கொண்டார். 1990 ஆகஸ்டில் டோக்கியோவில், கயிற்றுக்குப் பதிலாக முள்கம்பி கட்டி, அதில் வெடியும் வைத்து, டார்சான் கோட்டோவோடு மோதினார். 1993 மே மாதம் கவாசாகி விளையாட்டரங்கில் அவரும் அமெரிக்கரான டெர்ரி ஃபங்க்கும் மோதிய வெடி மேட்ச்சுக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம் என்று அறிவித்தார்கள். பெரிய முதலாளிகளின் தயவு இல்லாமல் ஒரு நொண்டிக் காலோடு இதைச் சாதித்தார் மனிதர். பின்னால் 2001இல் ஜப்பான் நாடாளுமன்ற மேலவைக்கே போய்விட்டார்!

கதையின் மறுபக்கமும் அதே கம்பெனியில்தான். 1992இல் முள்கம்பியில் துணி சுற்றித் தீ வைத்து ஒரு மேட்ச். தீ கட்டுக்கடங்காமல் போய், சில நிமிடங்களில் எல்லோரும் வெளியே பாய வேண்டியதாயிற்று. தி ஷேக் என்ற பெயரில் ஆடிய மூத்த அமெரிக்க மல்லருக்குக் கடுமையான தீக்காயம். அப்போது அவருக்கு வயது 65. அந்த வயதில் நம் வீட்டுப் பெரியவரைக் கொசுவத்தி ஏற்றவே நாம் விடுவதில்லை.

இந்த வீடியோ கேசட்டுகள் கைமாறி அமெரிக்கா போயின. பிலடெல்பியா நகரில் ஒரு பழைய பிங்கோ கூடம். அங்கே நடந்த ஈ.சி.டபிள்யூ. என்ற கம்பெனி 1994இல் தன் பெயரில் உள்ள 'ஈஸ்டர்ன்' என்பதை 'எக்ஸ்ட்ரீம்' என்று மாற்றிக்கொண்டது. அதே வருடம் டெர்ரி ஃபங்க் கூட்டத்திடம் ஒரு நாற்காலி கேட்டார். ஒன்றா வந்தது? அரங்கத்தில் இருந்த மடக்கு நாற்காலிகள் அத்தனையும் பறந்து வந்தன. ரிங்கில் படுத்திருந்தவர்கள் நாற்காலிக் குவியலில் புதைந்தே போனார்கள். பார்க்கிறவனும் மேட்ச்சில் ஒரு ஆளாகிவிட்டான். டிவி நிறுவனம் எத்தனை கோடி கொட்டினாலும் இந்த நெருக்கத்தை வாங்க முடியாது. இதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது என்பதை நான் மறுக்கப்போவதில்லை. அதைப் புரிந்துகொள்ளாமல் பிள்ளையிடம் பேசினால் பிள்ளை நம்மைக் கேட்கமாட்டான்.

பெரிய கம்பெனி சும்மா இருக்குமா? 1998இல் 'ஹார்ட்கோர்' என்றே ஒரு பட்டத்தை உண்டாக்கிக்கொண்டது. 2002இல் அதைத் தூக்கியும் போட்டுவிட்டது. ஈ.சி.டபிள்யூ. 2001இலேயே திவாலாகிப்போனது. கடன் பட்டியலில், அதற்காக ரத்தம் சிந்திய மல்லர்களின் சம்பளப் பாக்கியும் இருந்தது! உடம்பை முதலாகப் போட்டவனுக்கு முதலும் திரும்பவில்லை. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்ட குடும்பம்போலத்தான் ஆயிற்று.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒரு முறை காரம் பழகிய நாக்குக்கு அடுத்த முறை அதே காரம் போதாது. 1999இல் தொடங்கிய சி.இசட்.டபிள்யூ. கம்பெனி புல்வெட்டும் இயந்திரத்தையே ரிங்குக்குள் கொண்டுவந்தது. 2002 முதல் டெலவேர் மாநிலத்தில் 'மரணப் போட்டித் தொடர்' என்றே பெயர் வைத்து நடத்தியது. ஒரு நல்ல பகைக் கதையின் கடைசியில், இலையோரத்து ஊறுகாய்போல ஒரே ஒரு ஹார்ட்கோர் மேட்ச் வந்தால் அதன் ருசியே தனி. இவர்கள் ஊறுகாயைச் சோறாகவே போட்டார்கள். பந்தியில் எட்டு மேட்ச் என்றால் எட்டிலும் ட்யூப் லைட். எட்டாவதில் உடையும் லைட்டை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? அப்போது இன்னும் ஆபத்தான ஒன்று தேவைப்படுகிறது.

நெற்றியில் ஒரு பிளேடு

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

இந்த மேட்ச்சுகளில் பெரும்பாலும் முதலில் ரத்தம் வருவது நெற்றியில். விரல் கட்டுக்குள் ஒளித்து வைத்த பிளேடுத் துண்டால், மயிர்க்காலை ஒட்டி மல்லரே கீறிக்கொள்வார். இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடியில் கெட்டியான எலும்பு, பிளேடு ஆழமாகப் போகாது. அதே சமயம், தலைத் தோலின் ரத்தக் குழாய்கள் வெட்டுப்பட்டால் கை கால்களில் உள்ளதுபோலச் சட்டென்று சுருங்கிக்கொள்வதில்லை. சுற்றியுள்ள திசு அவற்றைத் திறந்தே பிடித்திருக்கும். அதனால் சின்னக் கீறலுக்கே நிறைய ரத்தம். வியர்வையும் கலந்தால் முகம் முழுக்கச் சிவப்பு. வீட்டில் குழந்தை நெற்றியை இடித்துக்கொண்டால் நாம் பதறிப்போகிறோமே, அதே கதைதான். சுத்தமான துணியைப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆகவே நெற்றி ரத்தம் பார்வைக்குப் பயங்கரம், ஆபத்தில் அவ்வளவு பெரிது இல்லை. கை தெரிந்தவன் செய்கிற வரைக்கும்!

1996 நவம்பரில் அமெரிக்காவின் ரிவியர் என்ற ஊரில் ஈ.சி.டபிள்யூ. மேட்ச். வர வேண்டிய மல்லர் வரவில்லை. ஒரு பையன் முன்வந்தான். வயதையும் பயிற்சியையும் பொய்யாகச் சொல்லியிருந்தான். உண்மை வயது 17. தனக்குக் கீறிக்கொள்ளத் தெரியாது என்று எதிராளியான நியூ ஜாக்கையே கீறிவிடச் சொன்னான். கத்தி ஆழமாகப் போய் நெற்றித் தமனிகள் இரண்டு அறுந்தன. கூட்டத்தில் இருந்த அவன் அப்பா, "நிறுத்துங்கள், அவனுக்குப் பதினேழுதான்!" என்று கத்தினார். பையன் உயிர் பிழைத்தான். வழக்கு நடந்தது. பையனே கேட்டுக்கொண்டது தெரிந்ததால் நீதிமன்றம் நியூ ஜாக்கை விடுவித்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த வயதுப் பையனை ஒரு சான்றிதழும் பார்க்காமல் ரிங்கில் ஏற்றியது யார்? அந்த அப்பாவின் குரல் எனக்குப் பல நாள் காதிலேயே இருந்தது.

இன்னொரு பழக்கம் உண்டு. ரத்தம் நன்றாக ஓட வேண்டும் என்று முன்கூட்டியே ஆஸ்பிரின் போட்டுக்கொள்வது. உங்கள் வீட்டில் இதயநோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் இருந்தால் தெரியும். பல் பிடுங்கப் போனாலும் டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். ஒரு மாத்திரையின் வேலை ஒரு இரவோடு முடிவதில்லை, ஒரு வாரத்துக்கும் மேல் இருக்கும். மேட்ச் முடிந்து மணி அடித்துவிடலாம். ரத்தத்துக்கு அந்த மணி கேட்காதே!

அந்த ரத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒருவன் நெற்றியிலிருந்து இன்னொருவன் நெற்றிக்கு. ஒரே பிளேடு இரண்டு பேருக்கு. அப்துல்லா தி புட்சர் என்று ஒரு பிரபல மல்லர். பல்லாண்டு கீறியதால் நெற்றியில் நாணயத்தைச் செருகி வைக்கும் அளவு பள்ளங்கள். அவரோடு மோதிய டெவன் நிக்கல்சன் என்ற கனடா மல்லருக்கு ஹெபடைடிஸ் சி தொற்று இருப்பது பிறகு தெரிந்தது. பெரிய கம்பெனியில் கிடைக்கவிருந்த வாய்ப்பும் போயிற்று. வழக்குப் போட்டார். அனுமதி இல்லாமல் பிளேடால் கீறியதில்தான் தொற்றியது என்று 2014இல் கனடா நீதிமன்றம் தீர்ப்பளித்து, 23 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. சி-க்கு இன்றுவரை கிடையாது. மருந்து உண்டு, பெரும்பாலோருக்கு மூன்று மாதத்தில் குணமாகிறது. (கீழாநெல்லி தின்றால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழாநெல்லியை உயர்வாக மதிக்கிறவன் நான். அதனால்தான் சொல்கிறேன்.)

ரசம் கலந்த தூசி

ட்யூப் லைட்டைப் பற்றி ஒரு சித்த மருத்துவன் பேசியே ஆக வேண்டும். அதற்குள் இருப்பது பாதரசம். எங்கள் மருத்துவத்தில் ரசம் சேர்ந்த மருந்துகள் உண்டு. ஆனால் சுத்தி செய்யாத ரசத்தைக் கையால் தொடவும் எங்கள் ஆசிரியர் விடமாட்டார். கல்லூரியில் ரசச் சுத்தி செய்முறை நடந்த நாளில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பேச்சு மூச்சில்லாமல் நின்றிருந்தோம். இங்கே என்ன நடக்கிறது? ஒரு லைட்டில் சில மில்லிகிராம்தான் இருக்கும். ஒன்று உடைந்தால் குடி முழுகிவிடாது. ஆனால் மூடிய கூடத்தில், ஒரே மேட்ச்சில் நூறு லைட்டு உடைகிறது! ஆவியாகப் பரவுவதை மூச்சில் இழுப்பது அடிபடுகிறவர் மட்டுமல்ல. முதல் வரிசையில் மகனோடு உட்கார்ந்து கை தட்டும் அப்பாவும்தான். வாராவாரம் ஆடுகிறவர் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியோ வஞ்சகமானது. 2009இல் அந்த டெலவேர் தொடரில் நிக் கேஜ் என்ற மல்லரின் அக்குளில் ட்யூப் லைட் கண்ணாடி ஆழமாக வெட்டி, ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்குள் வழியாகத்தான் கைக்குப் போகும் பெரிய தமனி ஓடுகிறது. நெற்றியைப் போல அங்கே தாங்கிப் பிடிக்க எலும்பு இல்லை. 2018இல் சினிமா நடிகர் டேவிட் ஆர்கெட் இதே நிக் கேஜோடு மோதியபோது கண்ணாடி கழுத்தில் கீறியது. கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவர் வெளியேறுவதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், அந்த நிமிடம் நடிப்பு இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, தலைப்பில் ஏன் ரத்தத்தைப் பார்க்காதீர்கள் என்றேன்?

முள்கம்பியிலும் வெடியிலும் பெயர் வாங்கிய அதே எஃப்.எம்.டபிள்யூ. கம்பெனியில், ஓனிட்டாவுக்குப் பிறகு வந்த நட்சத்திரம் ஹயபுசா. 2001 அக்டோபரில் ஒரு மேட்ச். முள்கம்பி இல்லை, கண்ணாடி இல்லை. கயிற்றின்மேல் ஏறிப் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும்போது கால் வழுக்கியது. தலைகுப்புற விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து உடம்பு செயலிழந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை! பல ஆண்டுகள் போராடி ஊன்றுகோலோடு எழுந்து நின்றார். 2016இல் 47 வயதில் மூளை ரத்தக்கசிவில் இறந்துபோனார்.

ரத்தம் வரும் காயத்தைப் பார்த்தால் யாரும் ஓடி வருவார்கள். தைப்பார்கள். கழுத்துக்கும் மூளைக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரும்பு நாற்காலியால் தலையில் வாங்கிய அடி வெளியே ஒரு வீக்கம்தான். உள்ளே மூளை மண்டையோட்டில் மோதித் திரும்புகிறது. அது ஆறும் முன் அடுத்த வாரம் அடுத்த அடி. பல வருடம் இப்படி வாங்கியவர்களுக்கு சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு வருகிறது. மறதி, கோபம், மனச்சோர்வு. உயிரோடிருக்கும்போது உறுதியாகக் கண்டுபிடிக்கவும் வழியில்லை, இறந்தபின் மூளையை ஆராய்ந்துதான் சொல்கிறார்கள். 2007இல் இறந்த கிறிஸ் பென்வா, 2009இல் இறந்த ஆண்ட்ரூ மார்ட்டின் என்ற இரு பிரபல மல்லர்களின் மூளையில் அது இருந்தது. அதன் பின், 2010இல் டபிள்யூ.டபிள்யூ.இ. தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடை செய்தது. இண்டியில் தடை செய்ய ஒருவரும் இல்லை. நிதானமுள்ள மல்லர்கள் கையைத் தூக்கித் தலையை மறைத்துக்கொள்கிறார்கள். கூட்டம் அதற்கு 'பயந்தாங்கொள்ளி' என்று கத்துகிறது. கத்துகிறவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்டப்போகிறாரா?

நான் இதையெல்லாம் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. வளர்ந்த மனிதர்கள், தெரிந்தே செய்கிறார்கள். தடை போட்டால் ஊருக்கு ஒதுக்குப்புறமான கொட்டகைக்குப் போவார்கள், அங்கே ஆம்புலன்ஸும் வராது. இந்த ஆட்டத்தில் எழுபதைத் தாண்டியும் வாழ்ந்தவர்கள் உண்டு. டெர்ரி ஃபங்க் 2023இல் 79 வயதில்தான் இறந்தார். கட்டடத்து மாடத்திலிருந்து குதித்துப் பெயர் வாங்கிய ஜப்பானின் மட்சுனாகா, மேட்ச்சை விட்டுவிட்டு டோக்கியோவில் ஸ்டேக் உணவகம் வைத்துப் பிழைத்தார். சரியான நேரத்தில் கடையை மாற்றிய புத்திசாலி!

நான் கேட்பது வேறு. ரத்தம்தான் டிக்கெட் என்றால், அந்த ரத்தத்தை முதலில் பரிசோதித்துவிட்டு மேடை ஏற்றட்டும். தலையில் அடிக்கும் அடியை விட்டுவிடட்டும், அது இல்லாமலே கூட்டம் வரும். மேட்ச்சை நிறுத்தும் அதிகாரத்தோடு ஒரு மருத்துவர் பக்கத்தில் இருக்கட்டும். அரங்க வாடகைபோல ஆஸ்பத்திரிச் செலவையும் கம்பெனிக் கணக்கில் எழுதட்டும். அந்தக் கணக்கை எழுத ஆரம்பித்தால், எட்டு மேட்ச்சில் எட்டும் ஹார்ட்கோர் என்பது தானாகவே ஒன்றாகக் குறையும் என்பது என் எண்ணம். ஒருவன் உடம்பு இலவசமாகக் கிடைக்கிற வரைக்கும்தான் அதைத் தாராளமாகச் செலவழிப்பார்கள்.

இரண்டாவது வாரம் அந்தப் பையன் மறுபடி வந்தான். கழுத்து நன்றாகத் திரும்பியது. பரிசோதித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டான்:

"சார், சபு எப்படி சார் செத்தார்?"

சபு, தி ஷேக்கின் மருமகன். அந்தத் தீ மேட்ச்சில் மாமனோடு நின்றவர். 1997இல் டெர்ரி ஃபங்க்கோடு மோதியபோது முள்கம்பி இவர் கைத்தசையைப் பிளந்தது. டேப்பைச் சுற்றிக்கொண்டு மேட்ச்சை முடித்தார்! 2025 ஏப்ரலில், 60 வயதில், லாஸ் வேகாஸில் கடைசி மேட்ச் ஆடினார். அப்போதும் முள்கம்பிதான். மே மாதம் இறந்துபோனார்.

"அந்த மேட்ச்தான் காரணம்னு நான் சொல்லமாட்டேன்ப்பா. அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா அறுபது வயசுல ஒருத்தர் முள்கம்பிக்குள்ள போறாருன்னா, அதுக்குள்ள போகாம இருக்க அவருக்கு வேற என்ன வழி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாரு" என்றேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

அன்று சாயந்தரம் அவன் அம்மா போன் செய்தார். "டாக்டரய்யா, இவனே வந்து காட்டுறான். மாடிப்படிக்கு அடியில பழைய ட்யூப் லைட் பதினொண்ணு ஒளிச்சு வச்சிருக்கான். எல்.இ.டி. மாத்தின வீடுகள்ல போய்க் கேட்டு வாங்கியிருக்கான். எனக்குக் கை காலெல்லாம் ஆடுது. உடைச்சுக் குப்பைத் தொட்டியில போட்டுரட்டுமா?"

"உடைக்காதீங்கம்மா!" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் இரண்டு மூன்று இருக்கலாம், ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். முழு லைட்டைச் செய்தித்தாளில் சுற்றி, நகராட்சியில் மின்கழிவு வாங்குமிடம் இருந்தால் அங்கே கொடுங்கள். கைதவறி உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு கால் மணி நேரம் அறையை விட்டு வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசி கிளம்பும். கெட்டி அட்டையால் வழித்து, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். கண்ணாடி ஆழமாகக் குத்தியிருந்தால் மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். டி.டி. ஊசி போட்டு, உள்ளே துண்டு தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே பாருங்கள். கண்ணாடி எக்ஸ்ரேயில் அனேகமாகத் தெரிந்துவிடும்.

"பதினொண்ணையும் அவனையே சுத்தச் சொல்லுங்க" என்றேன்.

"அவன்தான் சுத்திக்கிட்டிருக்கான்" என்றார் அம்மா.